பன்னிரண்டு வரி எழுதி முடியும்வரை

மோதிரம், காப்பு ஏதாவது போட்டிருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள், கைக்கும் கடதாசிக்கும் நடுவில் எதுவும் இருக்கக் கூடாது என்று காரியதரிசி அம்மா சொல்லிவிட்டுப் போன பிறகு வதனி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழற்ற ஒன்றுமில்லை. கல்யாண மோதிரம் விரலை விட்டுப் போய் நாலு வருடமாகிறது, அது இருந்த இடத்தில் தெரிந்த வெளிறிய வளையம்கூட மறைந்துவிட்டது. அந்த அம்மா நல்லவள். தண்ணீர் வேண்டுமா, ஹீட்டரைக் கூட்டிவிடவா என்று கேட்டாள். எழுதி முடிய இரண்டு மணித்தியாலமாகும், சிலவேளை கூடவும் ஆகும், வாசிக்க ஏதாவது கொண்டுவந்தீர்களா என்று கேட்டாள். வதனி கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தாலும் ஒரு வரி ஏறியிருக்காது. டொரன்டோவின் வடக்கே, பேருந்து ஓடும் பெரிய தெருவில், ஒரு பல்வைத்தியரின் மேல்மாடியில் இருந்தது இந்த யூதக் குருமாரின் நீதிமன்றம். கீழே யாருக்கோ பல் குடைகிற சத்தம் தரை வழியாக அவளுடைய பாதத்துக்கு ஏறி வந்தது. அடுத்த அறையில் மூன்று ராபிகளும் இரண்டு சாட்சிகளும் ஜெரமியும் உட்கார்ந்திருக்க, ஓர் எழுத்தர் இறகுப் பேனாவால் அவளுடைய விவாகரத்தை எழுதிக்கொண்டிருந்தார். இதற்கு அச்சடித்த படிவம் கிடையாது. ஒவ்வொரு தம்பதிக்கும் புதிதாக, கையால், யாரும் வீட்டில் பேசாத பழைய அரமேய மொழியில் பன்னிரண்டு வரி. முடிந்ததும் ஜெரமி அதை எடுத்து அவள் ஏந்திய கைகளுக்குள் போட வேண்டும். அவன் போட்டு, அவளும் மனமொப்பி வாங்கினால் அவள் அவனுடைய மனைவி இல்லை. அதுவரைக்கும் மனைவிதான், கனடா அரசாங்கம் என்ன சொன்னாலும்.

கனடா அரசாங்கம் எப்போதோ சொல்லி முடித்துவிட்டது. ஒரு பெண் நீதிபதி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இந்தத் திருமணம் கலைந்தது என்று ஒரு வசனத்தில் சொன்னார். பிள்ளை லியா தாயோடு இருக்கும், ஒன்றுவிட்ட வார இறுதிகளில் தகப்பனிடம் போகும் என்று இன்னொரு வசனத்தில் சொன்னார். அவ்வளவுதான். வாசலில் நின்ற சுபாக்கா தங்கையைக் கட்டிப் பிடித்து, சனியன் துலைஞ்சுது என்றாள். அன்றைக்கே அக்காவுக்கு இந்தக் கடதாசியைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். சில நாள் கழித்துச் சொன்னபோது அக்கா அதன் பெயரைக் கேட்டாள். கெட் என்று வதனி சொன்னாள். பேரைப் பார், கெட்டாம் என்று அக்கா சிரித்தாள். பிறகு சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டாள், அந்தக் கேள்விதான் நாலு வருடமாக வதனியின் நெஞ்சில் மீன்முள் மாதிரிக் குத்தி நிற்கிறது. “கோர்ட்டே பிரிச்சு விட்டிட்டுது. இனி ஆர் உன்னைப் பிடிச்சு வைச்சிருக்கினம்?” ஒருவரும் இல்லை அக்கா. அதுதான் பிரச்சினை. ஒருவரும் பிடித்து இழுத்துக் கொண்டுபோய் அவளை இதற்குள் விடவில்லை. மதம் மாறச் சொன்னது ஜெரமியின் தாய், அதுவும் ஒரே ஒரு தரம், சூப் பரிமாறிக்கொண்டே. ஜெரமி சொன்னது, சும்மா ஒரு சம்பிரதாயம், அம்மாவின் மனத்துக்காக. அவன் வெளியில் எதையும் தின்கிறவன், எந்த விசேஷ நாளையும் விசேஷ நாளாக நினைக்காதவன். வதனிதான் இரண்டு வருடம் செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போனாள், எழுத்துக் கூட்டிப் படித்தாள், மூன்று ராபிகள் திரைக்கு அப்பால் நிற்க நீருக்குள் முழுகி எழும்பினாள். எங்கே எப்போது அது சம்பிரதாயம் என்பதை விட்டு வேறொன்றாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை பொழுதுபடுகிற நேரங்களில்தான் போலிருக்கிறது. அடுப்பு அணைந்துவிடும், போன் அணைந்துவிடும், நாளைக்குப் பொழுதுபடும் வரைக்கும் உழைக்காதே, எழுதாதே, ஓடாதே. அகதியாக வந்து இறங்கிய நாள் முதல் ஆளுக்கு இரண்டு வேலை செய்த குடும்பம் அவர்களுடையது. ஒரு நாள் சும்மா இரு என்று சொல்ல உலகத்தில் ஒரு சட்டம் இருக்கிறது என்பதை அவளுக்கு அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு இந்தச் சட்டத்தை மட்டும் எப்படி வீசுவது. இந்தக் கடதாசி வெறும் கடதாசி என்றால் அந்த நீரும் வெறும் நீர். தாய் வழியாகத்தான் பிள்ளைக்கும் அந்த மதம், அப்படியென்றால் லியா ஆர். அங்கே வந்து நினைவு முட்டி நின்றுவிடும், ஒவ்வொரு தரமும்.

கோயிலில், ஜெபக்கூடம் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அவளுக்கு மனதுக்குள் அது கோயில்தான், அவளைப் போன்ற பெண்களுக்கு ஒரு பெயர் இருந்தது. நங்கூரம் போடப்பட்டவள் என்று அர்த்தம். புருஷன் விடாதவரைக்கும் இன்னொருத்தரோடு வாழ முடியாது, வாழ்ந்து பிள்ளை பிறந்தால் அந்தப் பிள்ளைக்குத் தலைமுறை தலைமுறையாகத் தீராத பழி. அவளுக்கு இன்னொருத்தர் இல்லை. தேடவும் இல்லை. தேடுகிற சக்தி எப்போதோ போய்விட்டது. ஆனாலும் சனிக்கிழமைகளில் பெண்கள் பக்கத்து வரிசையில் ஒதுங்கி இடம் கொடுக்கிற விதத்தில் ஒரு பரிதாபம் இருந்தது, ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலிக்கு வழி விடுகிற மாதிரி.

கதவு தட்டப்பட்டது. தலைமை ராபி, வெள்ளைத் தாடியில் இருமலை அடக்கிக்கொண்டு, மன்னிக்க வேண்டும், உங்கள் பெயரை இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றார். காலையில் வந்தவுடனே இதே கேள்வியை அரை மணித்தியாலம் கேட்டார்கள். உங்களை யார் யார் என்னென்ன பெயரில் கூப்பிடுகிறார்கள், ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள், இது வேறொரு பெண் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. யாயேல், நீருக்குள் முழுகி எழும்பியபோது எடுத்த பெயர். ஜெயவதனி, பிறப்புச் சான்றிதழில். வதனி, எல்லாருக்கும். ஜே, ஆஸ்பத்திரி எக்ஸ்ரேப் பகுதியில் அவளோடு வேலை செய்கிறவர்களுக்கு. கிளி என்று ஒன்றும் இருந்தது, அதைச் சொல்ல வாய் வரவில்லை, கூப்பிட்டவர் இப்போது இல்லை, பாவிக்காத பெயர் தேவையில்லை என்று ராபி சொன்னது நல்லதாய்ப் போயிற்று. தகப்பன் பெயர் என்று வந்தபோது அவர் கேட்கவே இல்லை. மதம் மாறி வந்தவளுக்குத் தகப்பன் ஆபிரகாம். யாயேல், எங்கள் தந்தை ஆபிரகாமின் மகள். கல்யாண ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருந்தது. அன்றைக்கு அப்பா தலையில் அந்தச் சின்னத் தொப்பி நழுவ நழுவ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாரோ அவருக்கு வாசித்து விளக்கியிருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் மெதுவாகக் கேட்டார். “அந்த ஆபிரகாம் ஆர் பிள்ளை?” கோபமாகக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவரைப் பற்றிக் கேட்கிற மாதிரிக் கேட்டார். அவள் என்னத்தையோ சொல்லிச் சமாளித்தாள். ஜெரமியின் குடும்பப் பெயரை அவள் கடைசிவரை எடுக்கவில்லை, வங்கி அட்டையில், வேலை அடையாள அட்டையில், எல்லாவற்றிலும் இன்றைக்கும் சிவபாதம்தான், அது அப்பாவுக்குச் சொல்லாமல் சொன்ன பதில். அவருக்கு அது விளங்கியதா என்று அவள் கேட்பதற்கு முன்பே அவர் கண்ணை மூடிவிட்டார். ராபி காத்துக்கொண்டு நின்றார். ஜெயவதனி என்றாள். ஜெயாவா, யெயாவா, நாக்கு எங்கே படுகிறது என்று கேட்டார். ஜெ என்று அழுத்திச் சொன்னாள், இன்னொரு தரமும் சொன்னாள், அவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். அரமேயத்தையும் எபிரேய எழுத்தில்தான் எழுதுவார்கள், அதில் அந்த எழுத்து இல்லை. இருக்கிற எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கோடு போட்டு ஜெ ஆக்குவார்கள்.

சுவருக்கு அப்பால் ஜெரமி தொண்டையைச் செருமினான். அது அவன்தான். பன்னிரண்டு வருடம் காலையில் முதல் சத்தமாக அவள் கேட்டது அந்தச் செருமல். அது ஒரு காலம் அவளுக்குப் பிடித்திருந்தது, பிறகு பிடிக்காமல் போனது, பிறகு காதில் விழாமல் போனது, இப்போது அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. கெட்டவன் என்று சொல்லிவிட்டால் இலகு. லியா கைக்குழந்தையாக இரவிரவாகக் கத்தியபோது நெஞ்சில் போட்டுக்கொண்டு சமையலறைக்கும் கதவுக்கும் நடுவில் நடந்தவன் அவன்தான். பெரிய காரணம் என்று ஒன்றும் இல்லை. அவள் வெள்ளிக்கிழமை விளக்கேற்றினாள், அவன் எழுந்து போய்த் தொலைக்காட்சியைப் போட்டான். அவள் லியாவின் மதியச் சாப்பாட்டைப் பார்த்துப் பார்த்துக் கட்டினாள், அவன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்த் தெருவோரத்தில் பன்றி சொசேஜ் வாங்கிக் கொடுத்தான், வந்து சொல்லவும் செய்தான். என்னுடைய மதத்தை எனக்கே படிப்பிக்கிறாயா என்று ஒரு நாள் கேட்டான், அந்தக் குரலுக்குப் பிறகு அந்த வீட்டில் சாதாரணமாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அப்படிப்பட்டவனுக்கு, விளக்கைத் தொடாதே என்கிற சட்டத்தைப் பார்த்துச் சிரித்தவனுக்கு, மனைவியைப் போக விடுகிற அதிகாரம் புருஷன் கையில் என்கிற ஒரு சட்டம் மட்டும் உடனே விளங்கிவிட்டது. லியா வாரம் விட்டு வாரம், வார இறுதி மட்டுமல்ல முழு வாரமும், என்னோடு இருக்கட்டும், அதற்கு நீ கையெழுத்துப் போட்டால் நான் வந்து அந்தக் கடதாசியைத் தருகிறேன் என்றான். ராபிகள் அதை விரும்பவில்லை, பிள்ளையையும் கெட்டையும் ஒன்றாகக் கலக்காதே என்று இருவருக்குமே சொன்னார்கள். ஆனால் அவர்கள் சொல்லலாம், புருஷனின் கையைப் பிடித்து எழுத வைக்க முடியாது. அவள் இரண்டு வருடம் தாக்குப் பிடித்தாள். பிறகு ஒரு மாசி மாதம், காரணமே இல்லாமல், களைப்பு என்கிற ஒன்றைத் தவிர வேறு காரணமே இல்லாமல், கையெழுத்துப் போட்டாள். அவன் வரவில்லை. முதுகுவலி என்றான், பயணம் என்றான், மனது இன்னும் தயாராகவில்லை என்றான். லியா மட்டும் வாரம் விட்டு வாரம் போனாள்.

லியா இல்லாத வாரங்களில் வீடு ஒரு மாதிரி ஆகிவிடும். காலையில் எழும்பி, சாண்ட்விச்சுக்குப் பாணை வெட்டப் பலகையில் வைத்து, கத்தியை எடுத்த பிறகுதான் யாருக்கு என்று நினைவு வரும். எடுத்ததைத் திருப்பி வைப்பதா, வெட்டித் தானே தின்பதா என்று அதிலேயே கொஞ்ச நேரம் போகும். வேலைக்குப் போனால் நல்லது. அங்கே நாள் முழுக்க ஒரே வசனம்தான். மூச்சை இழுங்கள், பிடித்துக்கொள்ளுங்கள், அசையாதீர்கள், இப்போது விடலாம். ஒரு கிழவர் இரண்டு கிழமைக்கு முன் மூச்சைப் பிடித்தவர் விடவே இல்லை, விடலாம் என்று அவள் சொல்ல மறந்துபோனாள். முகம் சிவந்துபோய், பிள்ளை நான் விடலாமா என்று கண்ணால் கேட்டுக்கொண்டு நின்றார். அவள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். அன்றைக்கு அவளுடைய தலை வேறு எங்கேயோ இருந்தது. அன்றைக்குத்தான் கமலினியின் போன் வந்திருந்தது.

கமலினி ஸ்காபரோவில் இருக்கிற லோயர், வதனியைவிடப் பத்து வயது இளையவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஜெரமி இப்போது கெட் கொடுக்கத் தானாகவே முன்வந்து நிற்கிறான் என்று சொன்னாள். ஏன் என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. டீனா என்று ஒருத்தி, நல்ல ஆசாரமான குடும்பம், முதல் மனைவியை முறைப்படி விடாதவனை அவர்களுடைய ராபி மணவறைக்குக் கிட்ட விட மாட்டார். டீனாவின் வீட்டுப் பின்வளவில் பிள்ளைகள் குதித்து விளையாட ஒரு பெரிய வலை இருக்கிறது என்பது லியா மூலம் வதனிக்கு ஏற்கனவே தெரியும். இப்போது கயிறு உங்கள் கையில் அக்கா என்றாள் கமலினி, நீங்களும் மனமொப்பி வாங்கினால்தான் அது செல்லும், கையை நீட்ட மாட்டேன் என்று நீங்கள் சொன்னால் அவருக்குக் கல்யாணம் இல்லை. அதற்குப் பிறகு அவள் இரண்டு வழிகளை நிதானமாக விளக்கினாள். ஒன்று, அந்த அறையில் எல்லாரும் எழும்பி நிற்கிற நேரத்தில் வாங்க மறுப்பது. பிள்ளையைப் பழையபடி என்னோடு விட்டால் வாங்குகிறேன் என்பது. அவர் அன்று பின்னேரமே என்ன கடதாசியிலும் கையெழுத்துப் போடுவார். மற்றது, சும்மா வாங்கிக்கொண்டு வந்து, அதன் பிறகு கோர்ட்டுக்குப் போவது. லியாவைப் பற்றி இந்தக் கெட்டுக்காகப் போட்ட ஒப்பந்தம் என்று காட்டினால் அதைத் தள்ளி வைக்க நீதிபதிக்கு இந்த ஊர்ச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் வருடக் கணக்கில் இழுக்கும், முடிவு எப்படியும் போகலாம். சுபாக்காவுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றே விளங்கவில்லை. அவன் உனக்குச் செய்ததை நீ அவனுக்குச் செய், பெத்த தாய்க்கு இதில என்ன வெட்கம் என்றாள் நேற்று. வெட்கம் இல்லை அக்கா. களைப்பு. களைத்தவளுக்கு முதல் வழிதானே நல்லது, குறுக்கு வழி, இன்றைக்கே முடிகிற வழி. அப்படியிருக்க ஏன் அவள் காலையில் பேருந்தில் ஏறியதிலிருந்து அதை ஒரு தரம்கூடத் தீர்மானமாக நினைக்க முடியாமல் தடுமாறுகிறாள். கமலினியிடம் யோசிக்கிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

காரியதரிசி அம்மா எட்டிப் பார்த்தாள். ஓர் எழுத்து பக்கத்து எழுத்தைத் தொட்டுவிட்டதாம், தொட்டால் செல்லாதாம், புதுக் கடதாசியில் முதலிலிருந்து எழுதுகிறாராம். சரி என்றாள் வதனி. எந்த எழுத்து என்று கேட்கலாம் போலிருந்தது. தன்னுடைய பெயராகத்தான் இருக்கும் என்று தோன்றியது. கீழே பல் குடைகிற சத்தம் நின்றிருந்தது. அவள் ஜன்னலுக்குப் போனாள். தெருவின் ஓரத்தில் குவித்த பனி கறுத்துப்போய்க் கிடந்தது. ஊரை அந்தப் பத்திரத்தில் அதன் தண்ணீரை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள் என்று ராபி காலையில் சொல்லியிருந்தார், இந்த ஏரிக்கும் இந்த ஆறுகளுக்கும் பக்கத்தில் இருக்கிற ஊர் என்று. இத்தனை வருடம் இருந்தும் அவள் அந்த ஆறுகளில் ஒன்றையாவது நின்று பார்த்ததில்லை. பேருந்துக் கண்ணாடி வழியாகப் பாலத்துக்குக் கீழே ஏதோ மினுங்கும், அவ்வளவுதான். பேருந்து. நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து சுற்றிச் சுற்றிப் போன இடம் அதுதான், கடைசியில் அங்கேதான் வந்து சேர்ந்தது.

போன கிழமை, லியா அவளோடு இருக்கிற வாரம். நீச்சல் வகுப்பு முடிந்து இருவரும் பேருந்தில் வந்துகொண்டிருந்தார்கள். லியாவின் ஈரத் தலைமயிரில் குளத்து மருந்து மணத்தது. நீராவிப் புகார் படிந்த கண்ணாடியில் விரலால் ஏதோ கீறிக்கொண்டே, திரும்பாமலே கேட்டாள். அம்மா அந்தப் பேப்பரை வாங்கினால் அப்பா கலியாணம் செய்யலாமென்று டீனா சொன்னாவாம், வாங்குவீங்களா என்று கேட்டாள். அவள் ஜெரமியை அப்பா என்றுதான் கூப்பிடுவாள், எபிரேயத்திலும் கிட்டத்தட்ட அந்தச் சொல்தான், அந்த ஒன்றில் மட்டும் இரண்டு வீட்டுக்கும் சண்டை வந்ததில்லை. முந்தி நீங்கள் கேட்டு அவர் தரேல்லை, இப்ப அவர் தாறார், அதே பேப்பரா என்று கேட்டாள். ஓம் என்றாள் வதனி. பிள்ளைக்கு இவ்வளவும் தெரியும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பழைய கதையை யார் சொன்னார்கள் என்று கேட்க வாய் எடுத்தாள். ஒருவரும் சொல்லியிருக்கத் தேவையில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்து கேட்கிற பிள்ளைக்கு என்னதான் தெரியாது.

“அப்ப நீங்கள் அதுக்கு என்ன கேப்பீங்கள்?”

ஒன்பது வயதுப் பிள்ளை, அந்தக் கடதாசிக்கு யாராவது எதையாவது கேட்பார்கள் என்பதைத் தண்ணீர் கீழ்நோக்கி ஓடும் என்கிற மாதிரித் தெரிந்துவைத்திருந்தது.

“என்னைக் கேப்பீங்களா?”

இல்லை ராசாத்தி, இல்லை என்று அவள் அவசரமாகச் சொன்னாள். லியா திரும்பிப் பார்த்தாள், பிறகு கண்ணாடியில் கீறியதை முழங்கையால் அழித்தாள். அந்த முகத்தில் இருந்தது நிம்மதியா, வேறொன்றா என்று வதனியால் பிடிக்க முடியவில்லை. அன்றிரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. லியாவின் தமிழ் அரைகுறை, ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் சொல்கிற பிள்ளை. என்னை விலையாகக் கேட்பீர்களா என்று கேட்டாளா. அல்லது என்னிடம் கேட்பீர்களா, எனக்கு என்ன விருப்பம் என்று என்னையும் ஒரு வார்த்தை கேட்பீர்களா என்று கேட்டாளா. முதலாவதுக்கு இல்லை என்பது பதில். இரண்டாவதுக்கு இல்லை என்று எந்தத் தாய் சொல்வாள். ஆனால் அவள் சொல்லிவிட்டாள், தெளிவாக, இரண்டு தரம். அடுத்த நாள் கேட்டிருக்கலாம், நீ எதைக் கேட்டாய் குஞ்சு என்று. கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, சப்பாத்துக் கயிறு அறுந்துவிட்டது, ஏதோ ஒன்று. உண்மை என்னவென்றால் பயம். இரண்டாவதைத்தான் கேட்டேன் என்று லியா சொன்னால், பிறகு நிஜமாகவே கேட்க வேண்டிவரும். பெரிய வலையும், வெள்ளிக்கிழமை மேசை நிறைய ஆட்களும், சிரிப்பும் இருக்கிற வீடு ஒரு பக்கம். பாண் வெட்டக் கத்தியை எடுத்துவிட்டு யோசித்துக்கொண்டு நிற்கிற தாய் மற்றப் பக்கம். எது வேணும் என்று எந்த வாயால் கேட்பது.

வாருங்கள், காய்ந்துவிட்டது என்று காரியதரிசி அம்மா வந்து சொன்னபோது காய்ந்தது மை என்று விளங்க வதனிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடுத்த அறை அவள் நினைத்ததைவிடச் சின்னது. நீண்ட மேசை, பிளாஸ்டிக் கோப்பைகள், சுவரில் யாரோ ஒரு வியாபாரி கொடுத்த நாட்காட்டி. எழுத்தர் இளம் பையன்தான், விரல் நுனியெல்லாம் மை. ஜெரமி எழும்பி நின்றான். புதுச் சட்டை போட்டிருந்தான், கழுத்தில் சவரம் செய்த இடத்தில் ஒரு சின்ன வெட்டு. ராபிகளில் ஒருவர் கடதாசியை எழுத்தெழுத்தாக வாசிக்க, ஓர் இடத்தில் ஜெயவதனி என்று காதில் விழுந்தது, ஜெ சரியாகவே வந்திருந்தது. ஜெரமியிடம் கேட்டார்கள், யாரும் உன்னை வற்புறுத்தினார்களா, உன் சொந்த விருப்பத்தில் கொடுக்கிறாயா. சொந்த விருப்பத்தில் என்றான். அவளிடம் திரும்பினார்கள். இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தச் சொல்லிக் காட்டினார்கள், விழுகிற வரைக்கும் மூடக் கூடாது, விழுந்த பிறகு மூடு. அவள் கைகளை இன்னும் உயர்த்தவில்லை.

“உங்கள் சொந்த விருப்பத்தோடு, ஒரு நிபந்தனையும் இல்லாமல், இதை ஏற்றுக்கொள்கிறீர்களா?” என்று தலைமை ராபி கேட்டார்.

இதுதான் அந்த நேரம். சுபாக்காவின் நேரம். ஒரு நிமிஷம் என்று சொன்னால் போதும், அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் தலைகீழாகும். ஜெரமி நிமிர்ந்து அவளைப் பார்த்தான், இன்றைக்கு முதல் தரமாக. கண்ணில் பயம் இருந்தது. அவளுக்கு நன்றாகப் பழகிய பயம், நாலு வருடம் அவள் கண்ணாடியில் பார்த்தது, கையில் கடதாசி வந்து விழுமா விழாதா என்கிற பயம். அதைப் பார்க்கிற நாள் வந்தால் எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று எத்தனையோ இரவுகள் நினைத்திருக்கிறாள். வந்தபோது சந்தோஷம் ஒன்றும் வரவில்லை, முழங்கால்தான் வலித்தது. இப்போது அவள் வாயைத் திறந்தால் இவன் லியாவைத் தருவான். டீனாவுக்காகத் தருவான், போன தரம் அவள் கெட்டுக்காகத் தந்த மாதிரி. இரண்டு தரமும் அதே பிள்ளை, அதே கடதாசி. அந்த வீட்டிலும் இந்த வீட்டிலும் யாரும் சொல்லாமலே லியாவுக்குத் தெரிந்துவிடும், ஓ, கடைசியில் என்னைத்தான் கேட்டிருக்கிறா. பேருந்தில் வைத்து இல்லை என்று சொன்ன வார்த்தையில் ஓர் அர்த்தத்தையாவது உண்மையாக வைத்திருக்க வேண்டும். மற்ற அர்த்தத்துக்கு இனித்தான் வழி தேட வேண்டும். தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அப்போதுதான் தெரிந்தது, விட்டாள்.

“ஓம்” என்றாள்.

ராபி புருவத்தைச் சுருக்கினார். தமிழில் சொல்லிவிட்டது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது, ஆம், ஏற்றுக்கொள்கிறேன் என்று ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னாள், கைகளை ஏந்தினாள். ஜெரமி அவர்கள் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னான், இது உன் கெட், இதனால் நீ என்னிடமிருந்து விலக்கப்பட்டாய், இனி எந்த மனிதனையும் மணக்கலாம். நடுவில் நிறுத்தி, செருமிக்கொண்டு முடித்தான். மடித்த கடதாசி விழுந்தது. கனமாக இருக்கும் என்று ஏனோ நினைத்திருந்தாள், மருந்துச் சீட்டு விழுந்த மாதிரி இருந்தது. மூடினாள். தூக்கினாள். கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவு வரைக்கும் நடந்து திரும்பி வரச் சொன்னார்கள், நடந்தாள், காய்ச்சல் பார்க்கிற கருவியை வைத்துக்கொண்டு நடக்கிற பிள்ளை மாதிரி. திருப்பிக் கொடுத்தபோது ராபி ஒரு சின்னக் கத்தியால் அதைக் குறுக்கே கீறினார், இனி வேறு யாரும் அதைப் பாவிக்க முடியாது. மூன்று மாதத்துக்குக் கல்யாணம் செய்யக் கூடாது என்றார். சரி என்றாள். சிரிப்பு வரப் பார்த்தது, அது சிரிப்புத்தானா என்று அவளுக்கு நிச்சயமில்லை.

நடைவழியில் ஜெரமி கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு கை உள்ளே போக மறுத்தது. நன்றி என்றான். அவள் தலையாட்டினாள். அவன் இன்னும் ஏதோ வரும் என்று காத்து நின்றான், இத்தனை வருடத்துக்கும் சேர்த்து அவள் ஏதாவது சொல்லுவாள் என்று நினைத்திருப்பான். பிறகு, லியாவின் நீச்சல் கண்ணாடி உன் வீட்டில்தான் இருக்கிறது, நாளைக்கு வேண்டும் என்றான். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்றாள் அவள். அவன் படியிறங்கிப் போனான், கீழே கதவு திறந்து மூடியது. பிறகு அவளும் இறங்கினாள்.

பேருந்து நிறுத்தத்தில் குளிர் காது மடலைக் கடித்தது. சுபாக்காவின் போன் வந்தது, முடிஞ்சுதா, கேட்டியா என்று அக்கா கேட்டாள். முடிஞ்சுது, கேக்கேல்லை என்றாள் வதனி. உனக்கு விசர் என்று அக்கா மெதுவாகச் சொன்னாள், பிறகு, பின்னேரம் சோறு கொண்டுவாறன், வீட்டில இரு என்றாள். அதை வைத்துவிட்டுக் கமலினியைக் கூப்பிட்டாள். விறைத்த விரலுக்கு எண் சரியாக விழவில்லை, இரண்டாம் தரம்தான் விழுந்தது. வாங்கிவிட்டேன், ஒன்றும் கேட்கவில்லை, இனி அந்த மனுவைப் போடுங்கோ என்றாள். பின்னணியில் யாரோ கதவைத் திறந்து ஏதோ கேட்டார்கள், பிறகு வாருங்கள் என்று கமலினி அவர்களை அனுப்பினாள்.

“அக்கா, ஒண்டு முதலே சொல்லவேணும். லியாவுக்கு இப்ப ஒன்பது வயது. கோர்ட் பிள்ளையோட தனியக் கதைக்க ஒராளை அனுப்பும். நீங்களும் பக்கத்தில இருக்கேலாது, அவரும் இருக்கேலாது. இப்ப இருக்கிற மாதிரியே இருக்கப்போறன் எண்டு பிள்ளை சொன்னாலும் சொல்லும். தகப்பனோடதான் எண்டும் சொல்லலாம். சொன்னதுக்குப் பிறகு அதை மாத்திறது கஷ்டம். அதுக்கு நீங்கள் தயாரோ?”

தெருவின் வளைவில் பேருந்து தலை காட்டியது. பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு நகர்ந்தாள். வதனிக்கு இல்லை என்று சொல்ல வேண்டும்போல இருந்தது, தயாரில்லை, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், முதலில் நான் ஒரு மாதம் படுத்து எழும்புகிறேன் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. பேருந்து வந்து நின்று கதவைத் திறந்தது. கிழவி ஏறும்வரை அவள் பொறுத்து நின்றாள்.

“சொல்லட்டும்” என்றாள், ஏறினாள்.